மலிவான போர்டு எது? சர்க்யூட் கட்டிப் பார்க்கும் பலகைகள் பற்றிச் சில குறிப்புகள்

சென்னை ரிச்சி தெருவில் ஏதாவது ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய் "ஒரு போர்டு குடுங்க" என்று கேட்டால், "எந்த போர்டு?" என்று திருப்பிக் கேட்பார்கள். பிரெட்போர்டு, டாட் போர்டு, வெரோ போர்டு, காப்பர் கிளாட் என்று நாலு பொருள் அந்த ஒரே பெயருக்குள் இருக்கிறது. அதில் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தரம். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பலகைகளுக்கு விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கும். பாக்கெட் மணியில் ப்ராஜெக்ட் செய்பவர் இயல்பாகவே குறைந்த விலையைத்தான் எடுப்பார்.

அதில் தப்பில்லை. ஆனால் எந்த இடத்தில் விலை குறைத்து வாங்கலாம், எந்த இடத்தில் கூடாது என்று தெரிந்து வாங்கினால் மொத்தச் செலவு இன்னும் குறையும். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

என் கணக்கு இது: ஒரு போர்டின் உண்மையான விலை, கடையில் கொடுக்கும் பணம் மட்டும் இல்லை. சர்க்யூட் வேலை செய்யவில்லை என்றால், தப்பு நம் டிசைனிலா, கோடிலா, பலகையிலா என்று கண்டுபிடிக்க ஆகும் நேரமும் அதில் சேர்த்தி. புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இது ரொம்ப முக்கியம். பலகையின் கோளாறை அவர் தன்னுடைய அறியாமை என்று எடுத்துக்கொள்வார். "நமக்கு எலக்ட்ரானிக்ஸ் வராது" என்று மூட்டை கட்டி வைத்தவர்களில் பலரைத் தோற்கடித்தது ஒரு தளர்ந்த கிளிப்பாகக்கூட இருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் பொது: 2.54 மி.மீ.

முதலில் ஒரு நல்ல செய்தி. எந்தக் கடையில், எந்த நாட்டுத் தயாரிப்பை வாங்கினாலும் துளைக்குத் துளை இடைவெளி ஒன்றுதான்: ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2.54 மி.மீ. 1964-ல் ஃபேர்சைல்டு நிறுவனம் இரண்டு வரிசைக் கால்கள் உள்ள ஐசி வடிவத்தைக் கொண்டுவந்தது. நாம் இன்றும் வாங்கும் 555, எல்எம்358 எல்லாம் அந்த வடிவம்தான். அதன் கால்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைத்தான் பலகைகளும் பின்பற்றின.

சில இடங்களில் "2.5 மி.மீ." என்று எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் அது எழுதுவதில் செய்யும் சுருக்கம். நிஜமாகவே 2.5 ஆக இருந்தால் சிக்கல். ஒரு இடைவெளிக்கு 0.04 மி.மீ. வித்தியாசம் ஒன்றும் தெரியாது. ஆனால் 40 கால் உள்ள பெர்க் ஸ்டிரிப்பில் 39 இடைவெளி. 39 × 0.04 = 1.56 மி.மீ. அதாவது கடைசிக் கால் அரைத் துளைக்கு மேல் தள்ளி நிற்கும். அதனால் சந்தேகம் வந்தால் கடையிலேயே ஒரு 40 கால் பெர்க் ஸ்டிரிப்பை வாங்கிப் பலகைமேல் வைத்துப் பாருங்கள். துளைகள் நேராக இல்லாத மட்டமான பலகையும் இந்த ஒரே சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

பிரெட்போர்டு: இங்கே மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

பழைய காலத்து ரேடியோ ஆர்வலர்கள் வீட்டில் ரொட்டி வெட்டும் மரப் பலகையில் ஆணியும் திருகும் அடித்து சர்க்யூட் கட்டினார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. இப்போது நாம் பயன்படுத்தும் வெள்ளைப் பிளாஸ்டிக் வடிவம் 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வந்தது. சால்டர் செய்யாமல் குத்தி எடுக்கலாம் என்பதுதான் அதன் பெரிய வசதி.

உள்ளே என்ன இருக்கிறது? ஐந்து ஐந்து துளைகளை இணைக்கும் சிறிய உலோகக் கிளிப்புகள். பெரிய போர்டில் 830 துளை என்பார்கள். நடுப்பகுதியில் 63 வரிசை, வரிசைக்குப் பத்து துளை, ஆக 630. மேலும் கீழும் பவர் ரெயிலில் மொத்தம் 200. பாதி அளவு போர்டில் 300 + 100 = 400. நடுவில் ஓடும் பள்ளம் ஐசியின் இரண்டு பக்கக் கால்களையும் பிரிப்பதற்காக.

விலை குறையும்போது குறைவது இந்தக் கிளிப்பின் தரம்தான். நல்ல கிளிப் வில் மாதிரி: வயரை எடுத்ததும் பழைய நிலைக்கு வரும். மட்டமான கிளிப் சில தடவை குத்தியதும் விரிந்து அப்படியே நின்றுவிடும். வெளியே பார்த்தால் வயர் உள்ளேதான் இருக்கும். ஆனால் தொடர்பு இருக்காது. இன்னும் மோசம், மேசையைத் தட்டினால் இருக்கும், கையை எடுத்தால் போய்விடும்.

இதை எண்ணில் பார்ப்போம். ஒரு தளர்ந்த கிளிப்பில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடாப்டரில் இருந்து ரெயில், ரெயிலில் இருந்து வரிசை என்று கரண்ட் போக நாலு தொடர்பு, திரும்பி வர நாலு தொடர்பு. மொத்தம் 0.8 ஓம். ஒரு சின்ன மோட்டாரோ வைஃபை மாட்யூலோ ஒரு நொடி 0.5 ஆம்பியர் இழுத்தால், 0.4 வோல்ட் வழியிலேயே காலி. 3.3 வோல்ட்டில் ஓடும் போர்டுக்கு 2.9 வோல்ட்தான் போய்ச் சேரும். போர்டு தானாக ரீசெட் ஆகும். இதைச் செய்பவர் எங்கே தேடுவார்? கோடில். ராத்திரி இரண்டு மணி வரைக்கும் ஒவ்வொரு வரியாகத் தேடுவார். தப்பு அங்கே இல்லவே இல்லை.

அதனால் பிரெட்போர்டு வாங்கியதும் பத்து நிமிடம் செலவழித்து இதைச் செய்யுங்கள்:

- ஒரு மெல்லிய ஒற்றைக் கம்பி வயரை (0.6 மி.மீ. சுமார்) அங்கங்கே சில துளைகளில் குத்தி எடுங்கள். ஒவ்வொரு துளையிலும் லேசான பிடிப்பு ஒரே மாதிரி தெரிய வேண்டும். சிலது வழுக்கிக்கொண்டு போனால், திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.
- மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, ஒரே வரிசையில் இரண்டு வயர் குத்தி ஆட்டிப் பாருங்கள். சத்தம் விட்டு விட்டு வரக்கூடாது.
- பவர் ரெயிலின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் தொடர்பு இருக்கிறதா பாருங்கள். சில 830 போர்டுகளில் ரெயில் நடுவில் துண்டாகி இருக்கும். அது கோளாறு அல்ல, வடிவமே அப்படி. தெரியாவிட்டால் பாதி சர்க்யூட்டுக்கு பவரே போகாது.

ஜம்பர் வயரிலும் இதே கதை. காந்தத்தை வயரின் நடுவில் வைத்துப் பாருங்கள் (முனையில் உள்ள பின்னில் வேண்டாம், அது ஒட்டலாம்). வயரே ஒட்டினால் உள்ளே இருப்பது செம்பு முலாம் பூசிய இரும்பு. சிக்னலுக்கு ஓடும், மோட்டாருக்கு ஆகாது. பழைய நெட்வொர்க் கேபிளில் ஒற்றைக் கம்பி வகை கிடைத்தால் விடாதீர்கள். ஒரு மீட்டருக்குள் எட்டு வயர் இருக்கிறது, எட்டும் வேறு வேறு நிறம். இலவச ஜம்பர்.

பிரெட்போர்டால் முடியாத வேலைகளும் உண்டு. பக்கத்துப் பக்கத்துக் கிளிப்புகள் தாமாகவே சில பிகோஃபாரட் கெப்பாசிட்டராக நடந்துகொள்ளும். எல்இடி மினுக்க இது பொருட்டே இல்லை. ஆனால் 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம் சர்க்யூட்டில் நாம் போடும் கெப்பாசிட்டரே 5, 10 பிகோஃபாரட்தான். அங்கே பலகையும் ஒரு பார்ட் ஆகிவிடும். தடித்த கால் உள்ள பெரிய டயோடு, பெரிய ரெசிஸ்டர் இவற்றைக் குத்தினால் கிளிப் நிரந்தரமாக விரியும். அவற்றின் காலில் ஒரு மெல்லிய வயரைச் சால்டர் செய்து அந்த வயரைக் குத்துங்கள். ஒரு ஆம்பியருக்கு மேல் கரண்ட் வேண்டாம். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை இதில் கொண்டுவரவே கூடாது.

டாட் போர்டு: பிரவுனா, பச்சையா?

பிரெட்போர்டில் ஓடிய சர்க்யூட்டை நிரந்தரமாக வைக்க அடுத்த படி இது. ஜெனரல் பர்பஸ் போர்டு, ஜீரோ பிசிபி என்றும் கேட்கலாம். துளைகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு செப்பு வட்டம், அவ்வளவுதான். இணைப்பை நாம் வயரால் போட வேண்டும்.

பிரவுன் நிறத்தில் இருப்பது காகித அடுக்குகளை ஃபீனாலிக் பிசினில் ஊறவைத்து அழுத்தியது. எலக்ட்ரீஷியன்கள் ஹைலம் ஷீட் என்று சொல்வதன் நெருங்கிய உறவு. எஃப்ஆர்-1, எஃப்ஆர்-2 என்பது இதன் தர எண். இன்னொன்று எஃப்ஆர்-4: கண்ணாடி இழைத் துணியும் எப்பாக்ஸியும். மொபைலில் இருந்து கம்ப்யூட்டர் வரை உள்ளே இருப்பது இந்த வகைதான்.

பச்சையாக இருந்தால் எஃப்ஆர்-4 என்று நம்பிவிடாதீர்கள். பச்சை என்பது மேலே பூசும் பூச்சு. பிரவுன் பலகைக்கும் அதைப் பூசலாம். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கண்ணாடி இழைப் பலகை ஒளியை ஓரளவு விடும். காகிதப் பலகை விடாது.

வேறுபாடு எங்கே தெரியும்? சால்டர் செய்யும்போது. செப்புத் தகடு வழக்கமாக 35 மைக்ரான் தடிமன், அதாவது ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு. அது பலகையில் ஒட்டித்தான் இருக்கிறது. சூடு அதிகமானால் ஒட்டு விடும், வட்டம் கையோடு வந்துவிடும். காகிதப் பலகையில் இது சீக்கிரம் நடக்கும். ஒரு தடவை வைத்துச் சால்டர் செய்தால் நன்றாகவே நிற்கும். அதே இடத்தில் இரண்டு மூன்று தடவை பார்ட்டைக் கழற்றி மாட்டினால் போச்சு. துளைக்குள்ளும் செம்பு பூசிய இரட்டைப் பக்க எஃப்ஆர்-4 பலகையில் மேல் வட்டமும் கீழ் வட்டமும் ஒரு ரிவெட் மாதிரி இணைந்திருக்கும். லேசில் கழன்று வராது.

ஆகவே கேள்வி "எது நல்லது" என்பது இல்லை. "இந்த இடத்தை எத்தனை தடவை சூடாக்கப் போகிறேன்?" என்பதுதான். பிரெட்போர்டில் ஏற்கெனவே ஓடிய சர்க்யூட், மாற்றம் வராது என்றால் பிரவுன் போதும், காசு மிச்சம். இன்னும் மாற்றிக்கொண்டே இருப்பேன் என்றால் துளையில் செம்பு பூசியது வாங்குங்கள். சால்டரிங் கற்றுக்கொள்பவருக்கு எது என்று கேட்டால், நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அவர்தான் அதிகமாகச் சூடாக்குவார். கற்பவருக்கு மலிவானதைக் கொடுத்து, கைதேர்ந்தவர் விலை கூடியதை வைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கே தலைகீழ்.

சிறிய துண்டுகளாக வாங்குவதில் நஷ்டம் உண்டு. உதாரணத்துக்கு 5 × 7 செ.மீ. துண்டு 20 ரூபாய், 10 × 15 செ.மீ. 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 35 சதுர செ.மீ., ஒரு சதுர செ.மீ.க்கு 57 பைசா. இரண்டாவது 150 சதுர செ.மீ., 33 பைசா. கடையில் சொல்லும் விலையை வைத்து இந்த வகுத்தலைப் போனிலேயே போட்டுப் பாருங்கள். பெரியதை வாங்கி, துளை வரிசையோடு கத்தியால் இரண்டு பக்கமும் ஆழமாகக் கீறி, மேசை ஓரத்தில் வைத்து அழுத்தினால் நேராக உடையும். எஃப்ஆர்-4-ஐ ரம்பத்தால் அறுத்தால் வரும் தூளில் கண்ணாடி இழை இருக்கும். மாஸ்க் போட்டுக்கொண்டு, ஈரம் தொட்டு அறுங்கள்.

வெரோ போர்டு

தனித்தனி வட்டங்களுக்குப் பதில் நீள நீளமான செப்புக் கோடுகள். 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வெரோ நிறுவனம் கொண்டுவந்தது. அதன் பெயரே இன்று எல்லாக் கம்பெனிப் பலகைக்கும் பெயராகிவிட்டது. சில கடைகளில் டாட் போர்டையும் வெரோ போர்டு என்றே சொல்வார்கள், பார்த்து வாங்குங்கள்.

கோடுகள் பிரெட்போர்டின் வரிசை மாதிரியே இருப்பதால், பிரெட்போர்டில் வைத்ததை அப்படியே மாற்றிவிடலாம். வயர் வேலை பாதியாகக் குறையும். தேவையில்லாத இடத்தில் கோட்டை வெட்ட வேண்டும். 4 மி.மீ. டிரில் பிட்டை கையாலேயே துளையில் வைத்துத் திருகினால் போதும். வெட்டிய இடத்தில் தலைமுடி அளவு செம்பு மிச்சம் இருந்தாலும் ஷார்ட். ஒவ்வொரு வெட்டையும் மல்டிமீட்டரில் பார்க்காமல் பவர் கொடுக்காதீர்கள். முன்கூட்டியே கட்டம் போட்ட நோட்டில் வரைந்துகொள்வது நல்லது. பலகையைத் திருப்பினால் இடம் வலமாக மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

டாட் போர்டோ வெரோ போர்டோ, துளைகள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் பலகை நேரடி 230 வோல்ட்டுக்கு உரியது அல்ல. நல்ல அடாப்டர் வாங்கி, 5 அல்லது 12 வோல்ட் மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள்.

காப்பர் கிளாட்: வெறும் தகடு

துளையே இல்லாமல் முழுக்கச் செம்பு ஒட்டிய பலகை. துளை போடும் செலவு இல்லாததால் பரப்பளவுக்கு இதுதான் மலிவு. இதை வைத்து இரண்டு வேலை செய்யலாம்.

ஒன்று, ஐசியை மல்லாக்கப் போட்டுக் கால்களை மேலே நீட்டி, பார்ட்டுகளை அந்தரத்திலேயே சால்டர் செய்வது. கீழே உள்ள செம்பு முழுவதும் கிரவுண்டு. பார்க்கச் செத்த பூச்சி மாதிரி இருக்கும், ஆங்கிலத்தில் அதற்கு அந்தப் பெயரே உண்டு. கேலி செய்ய வேண்டாம். அனலாக் உலகத்தில் பெரிய பெயரான ஜிம் வில்லியம்ஸ் லீனியர் டெக்னாலஜி நிறுவனத்துக்காக 1991-ல் எழுதிய அதிவேக ஆம்ப்ளிஃபையர் கையேட்டில், இப்படிக் கட்டிய பலகைகளின் படங்கள்தான் நிறைய. பிரெட்போர்டில் ஓடாத ரேடியோ சர்க்யூட் இதில் ஓடும். மலிவானதே சிறந்ததாகவும் இருக்கும் அபூர்வமான இடம் இது.

இரண்டு, லேசர் பிரிண்டில் எடுத்த படத்தை அயர்ன் பாக்ஸால் தேய்த்து ஏற்றி, ஃபெரிக் குளோரைடில் ஊறவைத்து நாமே பிசிபி செய்வது. செலவு குறைவு, செய்து பார்க்கும் சந்தோஷமும் உண்டு. ஆனால் ஒன்றைக் கணக்கில் எடுங்கள்: பயன்படுத்திய கரைசலில் கரைந்த செம்பு இருக்கிறது. சிங்க்கில் ஊற்றினால் உலோகக் குழாயை அரிக்கும், நீர்நிலைக்குப் போனால் மீனுக்கு விஷம். சலவைச் சோடா போட்டால் செம்பு சேறாகப் படியும், ஆனால் அந்தச் சேறும் குப்பைத் தொட்டிக்கு உரியது அல்ல. மூடிய பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும். அந்த வசதி பக்கத்தில் இல்லையென்றால் இந்த வழி "மலிவு" இல்லை. செலவை வேறு யார் தலையிலோ கட்டுகிறோம், அவ்வளவுதான்.

பிசிபி ஆர்டர் எப்போது?

சீனத் தொழிற்சாலைகள் 10 × 10 செ.மீ.க்குள் ஐந்து பலகையைச் சில டாலருக்கு அடித்துத் தருகின்றன. விளம்பரத்தில் அந்த எண் மட்டும் பெரிதாக இருக்கும். கூரியரும் சுங்க வரியும் சேர்ந்தால் பலகையின் விலையைத் தாண்டிவிடும். அதனால் ஒரே ஒரு பீஸ் வேண்டுமென்றால் டாட் போர்டுதான் மலிவு. அதே சர்க்யூட் மூன்று நாலு வேண்டும், அல்லது கால்கள் மிக நெருக்கமான சின்ன ஐசி என்றால் ஆர்டர் செய்வது லாபம். கூரியர் செலவுதான் பெரிது என்பதால், நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே பார்சலாகப் போட்டால் தலைக்கு ஆகும் செலவு இறங்கும். டிசைன் செய்ய கிகேட் மென்பொருள் இலவசம், 1992-ல் இருந்து வளர்ந்து வருகிறது.

சின்ன ஐசி ஒன்றே ஒன்றுதான் என்றால் அதற்கும் வழி உண்டு. 2.54 மி.மீ.க்கு மாற்றிக் கொடுக்கும் அடாப்டர் பலகை தனியாகவே கிடைக்கும்.

கடைசியாக, என்ன வாங்குவது?

இன்றைக்கு ஆரம்பிப்பவராக இருந்தால் என் சிபாரிசு இது. கிளிப் சோதித்துப் பார்த்த 830 பிரெட்போர்டு ஒன்று. அது வருடக்கணக்கில் கூட வரும், அதனால் அங்கே கூடுதல் பணம் வீண் இல்லை. மட்டமான பிரெட்போர்டு மூன்று வாங்குவதைவிட இது மேல். அடுத்து, துளையில் செம்பு பூசிய எஃப்ஆர்-4 டாட் போர்டு சிறியது இரண்டு, கை பழகும் வரை. பழகிய பிறகு பெரிய பிரவுன் ஷீட் ஒன்று வாங்கி வெட்டிக்கொள்ளலாம்.

இதோடு ஒரு பழக்கம். ஐசியை நேராகப் பலகையில் சால்டர் செய்யாமல் ஐசி பேஸ் போடுங்கள். ஆர்டுயினோ நானோ, வைஃபை மாட்யூல் போன்றவற்றுக்கு ஃபீமேல் பெர்க் ஸ்டிரிப் போடுங்கள். பலகையை விட அதன் மேல் உட்காரும் பொருள்தான் பல மடங்கு விலை. அது அடுத்த ப்ராஜெக்டுக்கும் வேண்டும்.

சர்க்யூட் ஓடவில்லை என்றால், கோடைத் திறப்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். ஐசியின் காலிலேயே நேராக வைத்து, பவர் அங்கே வந்து சேர்கிறதா பாருங்கள், ரெயிலில் வைத்து அல்ல. அரை நிமிட வேலை. பலகைமேல் சந்தேகம் தீர்ந்த பிறகு நம் டிசைன்மேல் சந்தேகப்படலாம். அப்போது கண்டுபிடிக்கும் தப்பில் இருந்து ஏதாவது கற்றுக்கொள்ளவும் முடியும்.